மொட்டு முத்திரை

நூர் அகமது பாயிடமிருந்து வாட்ஸப்பில் படம் வந்தால் அது காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவாக இருக்காது. ஏதாவது பழைய வெள்ளியில் குத்தியிருக்கும் முத்திரையாகத்தான் இருக்கும். பேகம்பூரில் அவருக்கு வெள்ளிப் பட்டறை. கொலுசைச் சின்னதாக்குவார், பெரிதாக்குவார், அறுந்ததைப் பற்றவைப்பார், யாருக்கும் வேண்டாததை உருக்குவார். உருக்குகிறவருக்கு வெள்ளியின் தரம் முன்கூட்டியே தெரிய வேண்டும். மட்டமான துண்டு ஒன்று கலந்தாலும் மொத்தமும் கெட்டுப்போகும். அதனால் தெரியாத முத்திரை வந்தால் எனக்கு அனுப்புவார். எந்த ஊர்க் கடை, எந்தக் காலத்து வேலை, சுத்தம் நூற்றுக்கு எத்தனை டச் என்று நான் சொல்வேன். நாகல் நகரில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு லென்ஸ், ஒரு உரைகல். என் பிழைப்பு இவ்வளவுதான்.

கொலுசின் கொக்கிக்குப் பக்கத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு தகடு இருக்கும். கடைக்காரர்கள் தங்கள் எழுத்தை அதில்தான் குத்துவார்கள். இப்போது வருகிற புதுச் சாமானில் லேசரால் எண் போட்டு விடுகிறார்கள். போனில் தட்டினால் ஜாதகமே வந்து விழுகிறது. நல்லதுதான், யாரும் ஏமாற வேண்டாம். என்னிடம் வருவதெல்லாம் அதற்கு முந்திய சரக்கு. வியர்வையிலும் மஞ்சளிலும் தேய்ந்து, எழுத்து பாதி போய், புள்ளி மட்டும் மிஞ்சிய முத்திரைகள். அந்தப் புள்ளியை வைத்தே சேலத்து வேலையா மதுரை வேலையா என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் தப்பாகப் படித்தது ஒரே ஒரு முத்திரையைத்தான். அதுவும் தகட்டிலேயே இல்லாத முத்திரை. அந்தத் தப்பில் என் தங்கை போய்விட்டாள்.

போன தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி இருக்கும். பாயிடமிருந்து படம் வந்தது. கீழே எழுதியிருந்தார்: "அண்ணே இது என்ன, பூவா மிளகாயா? எந்தக் கடை? ஆளு உக்காந்திருக்கு."

மிளகாய் இல்லை. மல்லிகை மொட்டு. ஒரு சின்னக் காம்பு, மேலே நீண்ட மொட்டு. அது உலகத்தில் ஒரே ஒரு தகட்டில்தான் இருக்கிறது. குத்தியவன் நான்.

எங்கள் வீடு நிலக்கோட்டைப் பக்கம், பூத்தோட்டக்காரக் குடும்பம். அம்மாவும் அப்பாவும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் நானும் தங்கை ஒச்சம்மாளும். எனக்கு விடியற்காலையில் எழுந்து மொட்டுப் பறிக்கிற பொறுமை கிடையாது என்று திண்டுக்கல்லுக்கு வந்து ஒரு வெள்ளிக் கடையில் பட்டறை வேலைக்குச் சேர்ந்தேன். நான் செய்ததில் எல்லாம் முதலாளியின் எழுத்துத்தான் விழுந்தது. அது நியாயம்தான். ஆனால் ஒச்சம்மாள் மகள் புவனேஸ்வரிக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடியில் உட்காரப் போகிற பிள்ளைக்கு முதலாளி எழுத்துப் போட்ட கொலுசா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு ஆணியை ராவி ராவி மொட்டு மாதிரி ஆக்கி, ஜோடியில் ஒரு கொலுசில் மட்டும் குத்தினேன். ஒச்சம்மாளிடம் காட்டி, "இது நம்ம தோட்டத்து மொட்டு. என் முத்திரை. வேற யாருக்கும் குத்த மாட்டேன்" என்றேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர், என் மச்சான், ஒரு வருஷம் கழித்து ஏதோ விருந்தில், "மச்சான் போட்ட வெள்ளி கறுக்குதே" என்று கேலி செய்தார். எல்லா வெள்ளியும்தான் கறுக்கும். சிரித்துவிட்டு வந்தேன், ஆனால் அது உள்ளே தங்கிவிட்டது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. முதலில் தங்கைக்கு முடியட்டும் என்றேன். பிறகு பார்க்கலாம் என்றேன். பிறகு யாரும் கேட்கவில்லை. ஒச்சம்மாள் வீடுதான் என் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் திங்கட்கிழமை காலையில்தான் திரும்புவேன்.

புவனேஸ்வரிக்குப் பதிமூன்று வயதில் வயசுக்கு வந்த சடங்கு வைத்தார்கள். மச்சானும் ஒச்சம்மாளும் வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்தார்கள். பட்டுப் பாவாடை எடுத்தேன், மாலைக்குச் சொன்னேன், பச்சை ஓலை வெட்ட ஆள் பார்த்தேன். தாய்மாமன் கட்டுகிற குச்சுக் குடிசையை ஊரே பேச வேண்டும் என்று அலைந்தேன். அதற்குள் நான் தனியாக அறை போட்டு, ஊரில் நாலைந்து கடைகளுக்குப் பழைய வெள்ளி பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சடங்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு கடையிலிருந்து வந்த பழைய வெள்ளி மூட்டையைக் கொட்டினேன். அதில் அந்தக் கொலுசு கிடந்தது.

என் கையால் வைத்த சலங்கை எனக்குத் தெரியாதா. ஜோடியில் ஒன்று முழுசாக இருந்தது. மற்றதில் மொட்டுக் குத்திய தகட்டை மட்டும் காணோம். அறுந்து விழவில்லை. இரண்டு பக்கமும் கத்திரியால் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

பிள்ளை வளர்ந்தால் சின்னக் கொலுசைக் கடையில் போட்டுவிட்டுப் பெரிய கொலுசு வாங்குவார்கள். தினமும் பத்துப் பேர் செய்வதை நான் பார்க்கிறேன். மாமன் என்று வந்ததும் அந்த அறிவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெட்டின இடம்தான் கண்ணில் நின்றது. மச்சான் சொல்லிச் சொல்லி, என் முத்திரை இருந்தால் அவமானம் என்று வெட்டி எறிந்துவிட்டுக் கடையில் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். டவுனுக்கு வந்தும் என் அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையே, அது ஒன்று போதாதா? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என் மரியாதை குறைந்துவிடும்.

சடங்கு அன்று போனை அணைத்துவிட்டு அறைக்குள் கிடந்தேன். மதியம் மச்சானின் தம்பி பைக்கில் வந்து கதவைத் தட்டினார். "அண்ணே, அண்ணே" என்று செத்த நேரம் கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒச்சம்மாள் என்னைத் தேடி வரவில்லை. சடங்குக்கு ஏன் வரவில்லை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தனியாக இருக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு எதிரி கிடையாது. மற்ற நாளில் வெள்ளி இருக்கும், கடைக்காரர்கள் வருவார்கள். ஞாயிறு மட்டும் ஒரு ஆழாக்கு அரிசி வைத்து, மெஸ்ஸில் வெஞ்சனம் வாங்கி, சாப்பிட்டுக் கை கழுவினால் மணி ஒன்றரைதான் ஆகியிருக்கும். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ்ஸின் ஜன்னலில் ஒச்சம்மாளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். வாய் திறக்கப் போகிற மாதிரி இருந்தது. நான் பேப்பர் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்க்கும்போது பஸ் இல்லை.

சடங்குக்கு ஒன்பது வருஷம் கழித்து நடந்த புவனேஸ்வரி கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை. கொரோனா இரண்டாவது அலையில் ஒச்சம்மாள் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்து, அங்கேயே எரித்து, காரியமும் முடிந்த பிறகுதான் பூ மார்க்கெட்டில் ஒருவர் எனக்குச் சொன்னார். பெண் செத்தால் பிறந்த வீட்டுச் சேலை போர்த்த வேண்டும். அது என் கடமை. ஊரடங்கு தளர்ந்ததும் கடைக்குப் போய் அரக்குச் சிவப்பில் ஒரு சேலை எடுத்தேன். யாருக்குப் போர்த்துவது? பீரோவில் வைத்தேன்.

இப்போது அந்த மொட்டு என் போனில் இருக்கிறது. பதில் அடிக்கக் கை வரவில்லை. கதவைக்கூடச் சரியாகப் பூட்டாமல் ஆட்டோ பிடித்தேன். வெட்டி எறிந்த தகடு எப்படிப் பிழைத்து வந்தது என்பது ஒன்றுதான் வழியெல்லாம் மண்டையில் ஓடியது.

பட்டறையில் பாய் ஊதுகுழலை வைத்துவிட்டு எழுந்தார். "பதிலு போடுவீங்கன்னு பாத்தா ஆளே வந்துட்டீங்களேண்ணே."

பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். மடியில் பை. நெற்றி அப்படியே ஒச்சம்மாளின் நெற்றி. பதிமூன்று வயதில் பார்த்த பிள்ளை. நான் இப்போது வழுக்கையும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக இருக்கிறேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை என்று நினைத்தேன். நான்தான் என்று சொல்லத் தைரியம் இல்லை. வழக்கமாகக் கேட்பதையே கேட்டேன்.

"என்னம்மா செய்யணும்?"

"பாப்பாவுக்குக் காது குத்து வருது. என் கொலுசை அவளுக்குச் சின்னதா செஞ்சு குடுக்கணும்" என்றாள். "அந்தத் தகடு மட்டும் வேணாம். கழட்டிப் போட்ருங்க. வேற வேற கொலுசுல மாத்தி மாத்தி வச்சதுல ஓரமெல்லாம் கூராக் கெடக்கு. பிள்ளைக்குக் குத்தும்."

"தகடு எந்தக் கடைன்னு தெரியாம எப்பிடிம்மா உருக்குறது? அதான் அண்ணனைக் கேட்டேன்" என்றார் பாய்.

"கடை இல்ல பாய். எங்க தாய்மாமன் குத்துனது. அம்மா இருந்த வரைக்கும் அதை விடாது. இப்ப அம்மாவும் இல்ல. சடங்குக்கே வராத ஆளோட முத்திரை என் பிள்ளை காலுக்கு எதுக்கு?"

பாய் கொலுசை என் கையில் கொடுத்தார். லென்ஸைக் கண்ணில் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்ட பிறகு தெரிந்தது.

ஒரு தகட்டின் ஓரத்தில் பற்றவைத்த தடம் ஒன்று இருந்தால் அது செய்தபோது வைத்தது. இதில் மூன்று இருந்தன. அடியில் இருந்தது என்னுடையது. அதன் மேல் மஞ்சள் ஓடிய ஒரு தடம், யாரோ கிராமத்து ஆசாரி அவசரத்தில் வைத்தது. அதற்கும் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு தடம், கடை வேலை. சங்கிலியைத் திருப்பினேன். மறு கொக்கியில் டவுன் கடை ஒன்றின் முத்திரை, பக்கத்தில் தரத்தின் எண். அந்தக் கடை முத்திரையோடு எண்ணையும் சேர்த்துக் குத்த ஆரம்பித்துப் பத்துப் பதினோரு வருஷம்தான் ஆகிறது. அப்படியானால் இது கல்யாணக் கொலுசு. நான் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த நாளுக்கு ஒன்பது வருஷம் கழித்து வாங்கியது.

முதல் தடவை மாற்றியதற்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அப்போது ஒச்சம்மாளுக்கு என் மேல் கோபம் இல்லை. இரண்டாவது தடவைக்கு என்ன சொல்வேன்? ஊர் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்த பிறகும், அழைப்பு அனுப்பாத கல்யாணத்திலும், மகள் காலில் என் மொட்டை வைத்து அனுப்பியிருக்கிறாள். யாரும் அதை வெட்டி எறியவே இல்லை. எடுத்து வைத்திருக்கிறார்கள். இப்போதுதான், என்னால், நிஜமாகவே அதை எறியச் சொல்லி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

"எத்தனை டச்சுண்ணே? உருக்கிரலாமா?" என்றார் பாய்.

உருக்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை. பேசாமல் இருப்பதில் எனக்கு இருக்கிற பழக்கம் வேறு யாருக்கும் இல்லை.

"தொண்ணூறு" என்றேன். அப்புறம், "இது நான் குத்துனது தாயி" என்றேன்.

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியும்" என்றாள். "லென்ஸை வச்சுத் தலையை ஒரு பக்கமாச் சாச்சீங்கள்ல, அப்பவே தெரியும். அம்மா உங்கள மாதிரியே செஞ்சு காட்டிச் சிரிக்கும். நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன்."

பாய் டீ சொல்லிவிட்டு வருவதாக வெளியே போனார். நல்ல மனிதர்.

"ஏன் வரல?" என்றாள்.

சொன்னேன். கொட்டின வெள்ளி, வெட்டின தகடு, மச்சானின் கேலி, பூட்டின கதவு. பத்தொன்பது வருஷமாக உள்ளே மலையாக இருந்தது, வாயால் சொல்லும்போது நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது சலிப்பு.

"அதை வெட்டி வாங்குனதே நான்தான் மாமா. மொட்டு வேணும்னு அழுதேன். அந்தக் கடையில ஒட்டித் தர நேரமில்லன்னுட்டாங்க. நெலக்கோட்டை ஆசாரிகிட்ட குடுத்துக்கலாம்னு அம்மா சொல்லுச்சு. ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் பஸ்ல கைக்குள்ள பொத்தி வச்சிருந்தேன்."

"என்கிட்ட வந்திருக்கலாமே" என்றேன். அப்போதும் என் குரலில் சூடு இருந்தது. திருந்தாத ஜென்மம்.

"நானும் அதைத்தான் கேட்டேன். அண்ணங்கிட்டப் போனா அவனே புதுசாச் செஞ்சு போட்ருவான், ஏற்கனவே சீருக்கு அம்புட்டு அலையுறான், பாவம்னுச்சு." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "சடங்கு அன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் என்னை உக்கார வச்சிருந்தாக. மாமன் மாலை போடாம எந்திரிக்கக் கூடாதுன்னு அம்மா ஒத்தக் கால்ல நின்னுச்சு. கடைசியா ஒண்ணுவிட்ட மாமா ஒருத்தர் வந்து போட்டாரு. அம்மா சாப்பிடவே இல்ல."

"கல்யாணத்துக்கு உங்கம்மா ஏன் இதை மறுபடியும் மாத்துச்சு?"

"நான் வேணாம்னுதான் சண்டை போட்டேன். 'அவன் வர மாட்டான். அவன் கை பட்ட வெள்ளியாவது மணவறைக்கு வரட்டும்'னுச்சு. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

நான் அழுதேன். அறுபத்திரண்டு வயதுக்காரன், கையில் கொலுசை வைத்துக்கொண்டு, உலைக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஒச்சம்மாள் இறந்த செய்தி கேட்டபோதுகூட அப்படி அழவில்லை. அப்போது அவள் மேல் எனக்குக் கோபம் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு போன் போட்டிருந்தால் போதும். வெட்டினது ஏன் என்று ஒரு வார்த்தை. அவள் சிரித்திருப்பாள். நானும் வெள்ளிக்கிழமை பஸ் ஏறியிருப்பேன்.

புவனேஸ்வரி சமாதானம் சொல்லவில்லை. எழுந்து வந்து தண்ணீர்ப் பாட்டிலை மேசையில் வைத்தாள். பாய் டீயோடு திரும்பி வந்தபோது அவரிடம்தான் பேசினாள்.

"பாய், கொலுசைச் சின்னதாக்குங்க. தகடு இருக்கட்டும்." பிறகு என் பக்கம் பார்க்காமலேயே சொன்னாள். "ஓரத்தை மட்டும் ராவிக் குடுங்க. பிள்ளைக்குக் குத்தாம."

பாய் தன் சின்ன அரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அந்தத் தகட்டின் நாலு ஓரத்தையும் ராவினேன். மொட்டின் மேல் அரம் படாமல் கட்டை விரல் நகத்தை வைத்து மறைத்துக்கொண்டேன். ராவி முடித்ததும் என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். குத்தவில்லை. அவளிடம் கொடுத்தேன். அவளும் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பாயிடம் கொடுத்தாள்.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வாங்க என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எப்படி எதிர்பார்க்க முடியும்? ஆனால் இந்தத் தடவையும் பேசாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை.

"காது குத்து என்னைக்கும்மா?" என்றேன்.

நின்றாள். "மாசி பதினெட்டு. ஞாயித்துக்கெழமை. குலசாமி கோயில்ல."

"நான் வரலாமா?"

"என் தம்பி முகேஷ்குமார் மடியிலதான் உக்கார வைப்போம்."

"மடி அவனோடதுதான். நான் ஓரமா நின்னுக்கிறேன்."

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பியபோது அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"வர்றதுன்னா முதல்ல வீட்டுக்கு வாங்க. அம்மா போட்டோவுக்கு ஒரு சேலை கொண்டாங்க. பொறந்த வீட்டுச் சேலை இல்லாமத்தான் அது போச்சு."

"இருக்கு தாயி" என்றேன். "நாலு வருசமா பீரோவுலதான் இருக்கு."